பெயிண்ட் காயாத கயிறு

தேநீர் வேளையில் ஐந்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்ட நிர்வாகம், அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் மெஷின்களை நிறுத்தி எல்லோருக்கும் சினிமா காட்டப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் படித்ததும் கறையக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘திரைப்படங்கள் கற்றுத்தரும் வாழ்க்கைப் பாடங்கள்’ என்று எழுதி, கீழே இரண்டு கைகள் தட்டுவதுபோல ஒரு படம் வேறு போட்டிருந்தார்கள். கை! அதைப் போட்டவனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? ஒன்பது நாளுக்கு முன்னால்தான் அங்கே ஒரு பெண்ணின் வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

அந்தப் பெண் வேறு யாரும் இல்லை, கறையக்காவின் நாத்தனார்.

அது பெரிய சலவை நிலையம். ஓட்டல் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் ஒரு வாசல் வழியாக மூட்டை மூட்டையாக உள்ளே வரும். வெளுத்து, உலர்ந்து, மடிப்போடு மறு வாசல் வழியாக வெளியே போகும். கறையக்கா அங்கே பதினான்கு வருஷமாக இருக்கிறாள். முதல் ஒன்பது வருஷம் கறை மேசை. ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும், மருந்தா, மையா, துருவா, உதட்டுச் சாயமா என்று சொல்லிவிடுவாள். பெயரே அதனால் வந்ததுதான். ஒருமுறை முதலாளி தன் சட்டைக் காலரைக் காட்டி, “காபி சிந்திடுச்சு” என்றார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “காபிக்கு உதடு இருக்குமா சார்?” என்று கேட்டுவிட்டாள். அடுத்த மாதமே அவளை ரோலருக்கு மாற்றினார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் பிறவிப் பழக்கம்.

ரோலர் என்பது சுவருக்குச் சுவர் நீளும் கொதிக்கிற உருளை. ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உள்ளே விட்டால், அது அந்தப் பக்கம் அப்பளம்போலத் தேய்த்துத் தள்ளும். தலைக்கு மேலே, மெஷினின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். யாருக்காவது ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் உருளை நின்றுவிடும். நிற்க வேண்டும்.

நாத்தனாரை அந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவளும் கறையக்காதான். தாயில்லாத பெண், அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். வீட்டில் இவளும் அண்ணியும் தொலைக்காட்சியும்தான். சலவை நிலையத்தில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல்நாள் பார்த்த தொடர்களையெல்லாம் மறுநாள் ரோலருக்கு முன்னால் நின்று ஒலிபரப்புவாள். விரிப்பின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அண்ணி கையில். பிடி, உதறு, நேராக்கு, விடு. அந்தத் தாளத்துக்கு ஏற்றபடி கதை ஓடும். கதை நின்றால் கை நின்றுவிடும். கதை ஓடினால் ஒரு மணிக்குப் பத்து விரிப்பு கூடுதலாகப் போகும். அது சூப்பர்வைசருக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை நாள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு இருந்தார்.

ரேடியோ வெறும் கதை மட்டும் சொல்ல மாட்டாள். கதைக்குக் கதை பாடம் வைத்திருப்பாள். “சொந்தக்காரங்க திடீர்னு பாசமா பேசினா மொதல்ல பீரோ சாவியத் தடவிப் பாக்கணும் அண்ணி.” “டாக்டர் கண்ணாடியக் கழட்டினா நல்ல சேதி வராது.” எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் உண்டு. அதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்: “எழுதாத பேப்பர்ல மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. நானூறு எபிசோட் அழறாளுங்களே, எல்லாம் அந்த ஒரு கையெழுத்தாலதான்.”

“நமக்கு எவன்டி பேப்பர் நீட்டப்போறான்? நமக்கு நீட்டறதெல்லாம் பெட்ஷீட்தான்” என்று கறையக்கா சிரிப்பாள்.

அன்று காலையும் அந்தக் கதைதான். கதாநாயகி பேனாவைத் திறந்துவிட்டாள். வில்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரேடியோ அந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். கறையக்கா பொறுக்க மாட்டாமல், “அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டாள்.

அப்புறம் ஆனது கதை இல்லை. விரிப்பின் மூலை உள்பக்கமாக மடங்கியிருந்தது. ரேடியோ வழக்கம்போல விரலால் அதை நீவி விட்டாள். துணி விரலைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தை யார் கேட்டாலும் மறக்க முடியாது. கறையக்கா கத்தினாள். கூடமே கத்தியது. எங்கிருந்தோ மெக்கானிக் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் எல்லோரையும் ரோலருக்கு முன்னால் நிற்கவைத்தார். அவருக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் “ஆகட்டும், பாக்கலாம்” என்பார்; ஆனதும் இல்லை, பார்த்ததும் இல்லை. அன்று மட்டும் சுறுசுறுப்பாக வந்து சிவப்புக் கயிற்றை ஒரு இழு இழுத்தார். உருளை சட்டென்று நின்றது.

“பாருங்க. நிக்குதா? நேத்து யாராவது இழுத்திருந்தா நின்னிருக்கும்” என்றார். பிறகு கறையக்காவின் பக்கம் திரும்பி, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, “உன்னச் சொல்லி என்னம்மா செய்ய? பதட்டத்துல கை ஓடல. கத்திக்கிட்டே நின்னுட்டே. யாருக்கும் வர்றதுதான்” என்றார்.

 கறையக்காவுக்கு அந்த நிமிடம் ஞாபகத்தில் இல்லை. தன் வாய் திறந்திருந்தது ஞாபகம் இருந்தது, கை என்ன செய்தது என்று தெரியவில்லை. கதை கேட்டவள் தான். “அப்புறம்” என்று தூண்டியவள் தான். கயிற்றை இழுக்காமல் நின்றவளும் தானா? ஒன்பது நாளாக அவள் விழுங்கிய ஒவ்வொரு கவளத்தோடும் இந்தக் கேள்வியும் இறங்கியது. நாத்தனாரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. ரேடியோவும் பேசுவதில்லை. தொலைக்காட்சி மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். “கதை பேசித்தானே கை போச்சு” என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆகட்டும் ஒரு தட்டச்சுத் தாளை நீட்டினார். நாளைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறாராம். கறையக்கா பார்த்த சாட்சி அல்லவா, ஒரு கையெழுத்து வேண்டுமாம். தாளில் இப்படி இருந்தது: ‘என் நாத்தனார் வேலை நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் பற்றிப் பேசிக்கொண்டே கவனக்குறைவாக இயந்திரத்தைக் கையாண்டார். அருகில் இருந்த நான் பதற்றத்தில் பாதுகாப்புக் கயிற்றை இழுக்கத் தவறிவிட்டேன். கயிறு நல்ல நிலையில் இருந்தது.’

“படிச்சுப் பாரு. இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா?” என்று கேட்டார் அவர்.

 கதை பேசினது பொய்யா? இல்லை. மூலையைக் கையால் நீவினது பொய்யா? இல்லை. எல்லாம் நிஜம்போலவே இருந்தது, மொத்தமாகப் படித்தால் மட்டும் அயோக்கியத்தனமாக இருந்தது. எந்த இடத்தில் என்று அவளால் விரலை வைக்க முடியவில்லை. “சினிமா முடிஞ்சதும் தர்றேன் சார்” என்று தாளை மடித்துச் சாப்பாட்டுப் பையில் செருகினாள்.

மடிப்புக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். திரைக்கு வழியில்லாமல் இவர்கள் தேய்த்த படுக்கை விரிப்பையே சுவரில் கட்டியிருந்தார்கள். மடிப்புக் கோடுகள் நான்கும் அப்படியே தெரிந்தன. முன்னால் கோட்டுப் போட்ட ஒருவர், கன்னத்தை ஒட்டி ஒரு மைக் வைத்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றார். பயிற்சி கொடுக்க வந்தவராம். முப்பத்தாறு சலவைக்காரிகளையும் நாலைந்து ஆண்களையும் பார்த்து, “வணக்கம் சாம்பியன்ஸ்!” என்றார். பின்வரிசையில் யாரோ, “அது யாருடி புதுசா?” என்று கேட்டாள்.

முதலில் ஒரு ஓட்டப்பந்தயம். காலில் அடிபட்டவன் விழுந்து விழுந்து ஓடி ஜெயிக்கிறான். “என்ன பாடம்? வலியை மறந்தா வெற்றி!” என்றார் கோட்டுக்காரர். அடுத்தது மூழ்குகிற கப்பல். மாலுமி கடைசி வரை இறங்க மாட்டேன் என்கிறான். “என்ன பாடம்? நிறுவனம் மூழ்கினாலும் விட்டுட்டு ஓடக் கூடாது!” கறையக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு பெண் வேலை நேரத்தில் கதை சொன்னாள் என்பதற்காக அவள் தலையில் பழியைக் கட்டுகிறார்கள். அதே கூரைக்குக் கீழே, அதே வேலை நேரத்தில், கூலி கொடுத்து ஆளைக் கூட்டி வந்து கதை சொல்கிறார்கள். பெரிய இடத்துக் கதை என்றால் பாடம், ரேடியோவின் கதை என்றால் கவனக்குறைவு. நல்ல நியாயம்!

மூன்றாவது படம் ஒரு ஆலையில் நடந்தது. பெரிய சக்கரம் சுற்றுகிறது. ஒரு கிழவரின் தோள்துண்டு அதில் சிக்கி அவரை இழுத்துக்கொண்டு போகிறது. கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்கிறான், ஓடுகிறான், வெறும் கையால் சக்கரத்தைப் பிடிக்கிறான். கழுத்து நரம்பெல்லாம் புடைக்கிறது. சக்கரம் மெல்ல மெல்ல நிற்கிறது. இசை கூரையைப் பிய்க்கிறது. கூடத்தில் நாலு பேர் கைதட்டினார்கள், பாவம், பழக்கதோஷம்.

கறையக்கா கதாநாயகனைப் பார்க்கவில்லை. ஒன்பது நாளாக எந்த மெஷினைப் பார்த்தாலும் அவள் கண் அதன் மேல்பக்கம்தான் போகும். இப்போதும் அங்கேதான் போனது. விரிப்பின் இரண்டாவது மடிப்புக் கோட்டுக்கு அருகில், கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், கூட்டத்தோடு நிற்கிற துணை நடிகை ஒருத்தி. நீலக் கோட்டு. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, அவள் மட்டும் கையை மேலே உயர்த்தி, எதையோ பிடித்து, உடம்பின் எடையெல்லாம் கொடுத்து கீழே இழுத்தாள். அதற்குப் பிறகுதான் சக்கரம் தளர்ந்தது.

கறையக்காவின் வலது தோள் தானாக ஒருமுறை வெட்டியது. அந்தத் தோள் ஒன்பது நாளாக வலிக்கிறது. மூட்டை தூக்கியதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது தெரிந்தது. அவள் இழுத்திருக்கிறாள்! ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசித் தடவை கால் தரையை விட்டு எழும்புகிற அளவுக்குத் தொங்கியிருக்கிறாள். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. கயிறு உள்ளங்கையில் பிசுபிசு என்று ஒட்டியது.

பிசுபிசு!

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகைகளில் அந்த ஒட்டல் இன்னும் மிச்சமிருப்பதுபோல இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும், வேலைக்குப் போட்டுக்கொள்கிற கோட்டைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தாள். ரத்தம் என்றால் குளிர்ந்த தண்ணீர்தான். அது கறை மேசையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடம். ரேடியோவைத் தாங்கிப் பிடித்த முன்பக்கத்துக் கறையெல்லாம் போய்விட்டது. கையைத் துடைத்த இடுப்புப் பக்கம் மட்டும் போகவில்லை. உப்புப் போட்டாள், சோடா போட்டாள். இரண்டு நாள் கழித்து, பார்க்கச் சகிக்காமல் கட்டிலுக்கு அடியில் சுருட்டிப் போட்டுவிட்டாள். ரத்தம் காய்ந்தால் பழுப்பாகும். அது கொஞ்சமும் பழுப்பாகவில்லை. ஊரார் வீட்டுக் கறையெல்லாம் ஒரு பார்வையில் சொல்கிறவள், தன் கோட்டுக் கறையைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். பார்க்கப் பயந்துதான் விட்டாள்.

“சார்” என்று எழுந்தாள். “கடைசிப் படத்த இன்னொரு தரம் போடுங்க.”

கோட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாருங்க, எவ்வளவு ஆர்வம்! இவங்கதான் உண்மையான சாம்பியன்” என்று மறுபடி ஓட்டினார்.

“அங்க நிறுத்துங்க. அந்தப் பொம்பள கையத் தூக்கினாளே, அங்க.”

படம் உறைந்து நின்றது. கறையக்கா முன்னால் போய் விரிப்பின் மேலேயே விரலை வைத்தாள். கதாநாயகனின் காது அவள் முழங்கையில் மறைந்தது.

“மெஷின நிறுத்தினது இவன் இல்ல, இவ. கயிறு இழுத்தா நின்னுச்சு. சினிமாக்காரன் பொய்ச் சக்கரத்துக்குக்கூட நிஜக் கயிறு கட்டியிருக்கான். நம்ம நிஜ ரோலர்ல பொய்க் கயிறு தொங்குச்சு.”

 ஆகட்டும் பின்னாலிருந்து வேகமாக வந்தார். “என்னம்மா பேசறே? மறுநாளே எல்லார் முன்னாடியும் இழுத்துக் காட்டினேனே! நின்னுச்சா இல்லையா?”

“மறுநாள் நின்னுச்சு சார். மொதநாள் நிக்கல. நான் மூணு தரம் இழுத்தேன்.”

“நீ இழுக்கவே இல்ல! நின்னுகிட்டுக் கத்தினே!”

“அப்படியா?” என்றாள் கறையக்கா. குரல் ஏறவில்லை, ஏறாமல் இருந்ததுதான் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பயமாக இருந்தது. “அன்னைக்குக் காலையில பெரிய ஓட்டல்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்கன்னு முந்தின நாள்தான் கயித்துக்குப் பெயிண்ட் அடிச்சீங்க. ஆவியில காயவே இல்ல. ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்போ நீங்களே சொன்னீங்க, ‘பெயிண்ட் காயல, யாரும் கயித்தத் தொடாதீங்க’ன்னு. எல்லாரும் கேட்டோம். நான் தொடவே இல்லைன்னா உங்க சிவப்புப் பெயிண்ட் என் கோட்டுக்கு எப்படி சார் வந்துச்சு? குளிர்ந்த தண்ணிக்குப் போகல, உப்புக்குப் போகல. ஒம்பது வருஷம் கறை பாத்தவ சொல்றேன், அது ரத்தம் இல்ல. கோட்டு வீட்ல இருக்கு.”

ஆகட்டும் படத்தை அணைக்கச் சொல்லிக் கோட்டுக்காரருக்குக் கையைக் காட்டினார். கறையக்கா விடவில்லை.

“பெயிண்ட் அடிக்க நேரம் இருந்துச்சு உங்களுக்கு. இழுத்தா நிக்குதான்னு பாக்க நேரம் இல்ல. அவ வெரல விட உங்களுக்குக் கயித்தோட கலர் முக்கியமாப் போச்சு!”

இப்போது குரல் ஏறிவிட்டது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் மெக்கானிக் ஓடிவந்து உண்மையை எல்லாம் கொட்டியிருப்பார். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் எழுந்து நிற்கவும் இல்லை, கோஷம் போடவும் இல்லை. கோட்டுக்காரர் மட்டும் மைக்கைப் பொத்திக்கொண்டு, “சார், இதெல்லாம் எனக்குச் சொல்லவே இல்லையே” என்று ஆகட்டுமிடம் முனகினார். பொத்தியது சரியாகப் பொத்தப்படவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

ஆகட்டும் சமாளித்துக்கொண்டு, “சரி சரி, நேரமாச்சு. ஃபாரத்தக் குடுங்க” என்று காகிதங்களைப் பரிமாறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குப் பரிமாறத்தானே தெரியும். ஆளுக்கொரு தாள். மேலே ‘இன்று பார்த்த படங்களிலிருந்து நான் கற்ற பாடம்’ என்று நாலு வரி இடம். கீழே அச்சடித்திருந்தது: ‘இயந்திரங்களைக் கவனத்துடன் கையாளும் பயிற்சியை முழுமையாகப் பெற்றேன்.’ அதற்கும் கீழே கையெழுத்து, தேதி.

“கையெழுத்து மட்டும் போதும்” என்றார் அவர். “தேதி போடாதீங்க. ஆபீஸ்ல போட்டுக்குவாங்க.”

கறையக்காவின் பேனா அந்தரத்தில் நின்றது. எதற்குத் தேதி வேண்டாம்? ஆபீஸ் என்ன தேதி போடும்? ஒன்பது நாளுக்கு முந்தைய ஒரு தேதியைப் போட்டால் போதாதா! பயிற்சி கொடுத்தாயிற்று, முப்பத்தாறு பேர் கையெழுத்தும் போட்டாயிற்று, அப்புறமும் அந்தப் பெண் கதை பேசிக் கையை விட்டுவிட்டாள் என்று இன்ஸ்பெக்டரிடம் நீட்டிவிடலாம். எழுதாத பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க அண்ணி, எழுதாத பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க. வாரத்துக்கு ஒருமுறை சொன்னாளே. அசட்டுத் தொடர் என்று சிரித்தோமே.

அவள் முதலில் தேதியை எழுதினாள். பெரிதாக, கிழமையோடு, மணியோடு. பிறகு நாலு வரி இடத்தில் எழுதினாள்: ‘படத்தில் கயிறு வேலை செய்தது. எங்கள் ரோலரில் வேலை செய்யவில்லை. நான் மூன்று முறை இழுத்தேன். இந்தப் பயிற்சி விபத்து நடந்து ஒன்பது நாள் கழித்துத்தான் நடந்தது.’ பக்கத்தில் இருந்தவளிடம், “தேதி போட்டுட்டுக் கையெழுத்துப் போடுடி. எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்” என்றாள்.

அவள் போட்டாள். அவளுக்கு அடுத்தவள் போடவில்லை. பயந்தவள், வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள். அதற்கு அடுத்தவள் போட்டாள். முப்பத்தாறில் பதினோரு பேர் தேதி போட்டார்கள். மற்றவர்கள் வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கறையக்காவின் கண்ணைப் பார்க்காமல் வேலைக்குப் போனார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல்தான் வரவில்லை அன்று? தன் பெயர் போட்ட ஃபாரத்தை மட்டும் அவள் ஆகட்டுமிடம் கொடுக்கவில்லை. “நாளைக்கு இன்ஸ்பெக்டர் கையில குடுக்கறேன்” என்று மடித்துச் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் மெக்கானிக் நின்றிருந்தார்.

“அந்தக் கயித்து சுவிட்ச்ல ஆவி ஏறி ஒரு நாளைக்குப் பத்து தரம் மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சு” என்றார், அவளைப் பார்க்காமல். “உற்பத்தி குறையுதுன்னு, சுவிட்ச் விழாம கம்பி வெச்சுக் கட்டச் சொன்னாரு சூப்பர்வைசர். கட்டினேன். வெரல் போன அன்னைக்கே சாயங்காலம் அவிழ்க்கச் சொன்னாரு. அவிழ்த்தேன்.”

“அங்க உள்ள உக்காந்து செருப்பப் பாத்தீங்களே, அப்ப சொல்றதுக்கு என்ன?”

“எனக்கும் குடும்பம் இருக்கும்மா. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். இன்ஸ்பெக்டர் என்னக் கூப்பிட்டுக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்.”

நல்லவர் என்று சொல்லத் தோன்றவில்லை. கெட்டவர் என்று சொல்லி ஆகப்போவதும் இல்லை. “அப்ப கேக்க வெக்கிறேன்” என்றாள் கறையக்கா. “அந்தக் கம்பி எங்க?”

“டூல்ஸ் பெட்டியில.”

“அங்கயே இருக்கட்டும். தொலைச்சுடாதீங்க.”

வீட்டில் ரேடியோ ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. கறையக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து, சுருட்டிக் கிடந்த கோட்டை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். இடுப்புப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பளீரென்று சிவப்பு. நகத்தால் கீறினாள். செதிலாக உதிர்ந்தது.

“பெயிண்ட்” என்றாள். “நான் இழுத்தேன்டி. மூணு தரம் இழுத்தேன். அது நிக்கல.”

ரேடியோ கோட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவள் முகம் கோணிக்கொண்டு போனது. அழுகை இல்லை அது.

“நீங்க இழுக்கலன்னு நெனச்சேன் அண்ணி. பாதியில விட்ட கதைக்காக என் வாயப் பாத்துக்கிட்டு அங்கயே நின்னுட்டீங்கன்னு நெனச்சேன். ஒம்பது நாளா ஒங்க கையால சாப்பிடறப்பல்லாம் அதத்தான் நெனச்சேன். எனக்குள்ளயே வெச்சு வெச்சு ஒங்கள வெறுத்தேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். நீ என்ன வெறுத்ததுல தப்பே இல்லன்னு.”

 ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்களை ஒன்பது நாள் பேசவிடாமல் அடித்திருக்கிறது ஒரு துண்டுக் கம்பி. விரலைப் பறித்தார்கள், அது போதாதென்று இதையும் பறிக்கப் பார்த்தார்கள். அந்த ஆத்திரத்தில் கறையக்கா சாப்பாட்டுப் பையிலிருந்து தட்டச்சுத் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

ரேடியோ படித்தாள். ‘இழுக்கத் தவறிவிட்டேன்’ என்ற இடத்தில் இரண்டு தரம் படித்தாள். “இதுல கையெழுத்துப் போட்டீங்களா?”

“போடுவேனா? நானூறு எபிசோட் யார் அழறது?”

ஒன்பது நாளில் முதன்முறையாக ரேடியோவின் உதடு ஓரம் கொஞ்சம் அசைந்தது. தாளை இடது கையால் மடியில் வைத்துக்கொண்டு, “சரி, சினிமா போட்டாங்கன்னு சொன்னாங்களே. அப்புறம் என்னாச்சு?” என்று கேட்டாள்.

கறையக்கா சொன்னாள். ஓட்டப்பந்தயக்காரனையும் மூழ்குகிற கப்பலையும் சொன்னாள். கோட்டுக்காரர் குதிகாலைத் தூக்கியதை நடித்துக் காட்டினாள். நீலக் கோட்டுக்காரியைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்று கையை மேலே உயர்த்தி இழுத்தாள். ரேடியோ நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்ததும், “நாளைக்கு இன்ஸ்பெக்டர் எத்தன மணிக்கு வர்றாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“பத்து மணிக்கு.”

“நானும் வர்றேன். கோட்ட மடிக்காதீங்க, அப்படியே எடுத்துக்கங்க. பேனா குடுங்க.”

“கட்டுப் போட்ட கையோட எப்படிடி எழுதுவே? நீ சொல்லு, நான் எழுதறேன்.”

“எங்கதைய நாந்தான் எழுதணும்” என்று ரேடியோ சீறினாள்.

தட்டச்சுத் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள். பேனாவை இடது கையில் பிடித்தாள். அது வழுக்கியது, மறுபடி பிடித்தாள். ஒன்று கோணலாக வந்தது; ஒன்பது தலைகீழாக விழப்பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள், தாள் லேசாகக் கிழிந்தது. முதல் வரி முடிய வெகுநேரம் ஆயிற்று. கறையக்கா குனிந்து பார்த்தாள். கையெழுத்துக்கு முன்னால், பெயருக்கும் முன்னால், அவள் தேதியை எழுதியிருந்தாள்.